மூன்று மணித் தண்ணீர்

வினிபிரட் போன மாசியில் இறந்தாள். வயது அறுபத்தொன்று. இருதயம் நின்றது; அவ்வளவுதான். மரண அறிவித்தலில் ‘அல்பர்ட்டின் அன்பு மனைவி, ஜிலியனின் அன்புத் தாய்’ என்று போட்டார்கள். இரண்டும் உண்மை. ஆனால் அவள் வாழ்ந்த தாண்டவன்வெளியில் யாரையாவது நிறுத்திக் கேட்டால் வேறொன்றைச் சொல்வார்கள்: தண்ணீரைக் கையும் களவுமாகப் பிடித்த மனுசி.

அவள் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் குடும்பத்தில் பிறந்தவள். புருசன் அல்பர்ட் அரிசி ஆலையில் மெக்கானிக். மகள் ஜிலியனுக்கு ஒன்பது வயதாயிருக்கையில் அவர் இறந்துபோனார். எட்டு நாள் அழுதுவிட்டு ஒன்பதாம் நாள் வினிபிரட் பின்வளவில் ஒரு கொட்டில் இறக்கி, மூன்று அடுப்பு வைத்தாள். மத்தியானம் கந்தோர் உத்தியோகத்தருக்குச் சோற்றுப் பார்சல். பின்னேரம் ரியூசன் பிள்ளைகளுக்கு இடியப்பமும் சம்பலும். மழை, வெள்ளம், சண்டை, ஊரடங்கு எதுவந்தாலும் அடுப்பு மூண்டது. அந்த அடுப்புத்தான் ஜிலியனை இரசாயனம் படிப்பித்து, கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலைக்கும் அனுப்பியது.

அவர்கள் இருந்த ஒழுங்கை ஒருபக்கம் அடைபட்டது. ஏழு வீடு. நிலம் முழுக்க மணல். ஒருபக்கம் வாவி, மறுபக்கம் கடல். எங்கே தோண்டினாலும் ஆளுயரத்துக்குள் தண்ணீர் வரும். வாயில் வைக்கலாமா என்பது அவரவர் தலைவிதி. வினிபிரட்டின் கிணறு உப்பு. சவர்க்காரம் நுரைக்காது, வெள்ளைச்சீலை மஞ்சளாகும், கேத்தலுக்குள் வெள்ளைப் பொருக்குப் பிடிக்கும். குடிக்கிற தண்ணீருக்கு ஒழுங்கை முழுவதும் கடைசி வீட்டுக்குத்தான் போகும். அது இளைப்பாறிய தபாலதிபர் யோகராசாவின் வீடு. அவருடைய அப்பா வெட்டின கிணறு. தண்ணீர் கொஞ்சம் கனமானதுதான், ஆனால் உப்பில்லை. யோகராசா ஒருநாளும் கேற்றைச் சாத்தினதில்லை, ஒருவரையும் ஏனென்று கேட்டதுமில்லை. வினிபிரட் காலையில் இரண்டு வாளி, மாலையில் இரண்டு வாளி என்று வருடக்கணக்காகத் தூக்கினாள். ஜிலியனுக்குப் பால்மா கரைத்ததும் அந்தத் தண்ணீரில்தான்.

பிறகு குழாய் வந்தது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டு ஒழுங்கை வரைக்கும் வந்தது. ஏழு வீட்டுக்காரரும் இணைப்பு எடுத்தார்கள். ஆனால் ஆறு வீட்டார் கிணற்றை விடவில்லை. குழாய்த் தண்ணீர் மருந்து மணக்கிறதாம்; தேத்தண்ணிக்குச் சரிவராதாம். கிணற்றுப் பம்பையும் குழாயையும் ஒரே லைனில் இணைத்து, ஆளுக்கு இரண்டு வால்வு வைத்துக்கொண்டார்கள். இது நின்றால் அது, அது நின்றால் இது. கெட்டித்தனம் என்று நினைத்தார்கள்.

வினிபிரட் மட்டும் குழாய் வந்த அன்றைக்கே தன் கிணற்றின்மேல் சீமெந்துப் பலகை போட்டு மூடினாள். தூக்கித் தூக்கித் தோள் இறங்கிப்போச்சு, இனி அதன் முகத்திலும் முழிக்கமாட்டேன் என்றாளாம். ஒழுங்கை சிரித்தது. அன்று பின்னேரம் அவள் சவர்க்காரம் போட்டுக் கை கழுவியபோது நுரை முழங்கைவரை வந்தது. மறுநாள் காலை பருப்பு கால் மணித்தியாலத்தில் கரைந்தது. வன்னீர், மென்னீர் என்ற சொற்கள் ஜிலியனின் பாடப்புத்தகத்தில் இருந்தன. வினிபிரட்டுக்கு அவை தேவைப்படவில்லை. பருப்பு சொன்னது.

இப்படிப் பத்து வருடம் போனது.

2023 ஆடி. கச்சான் காற்று மணலை வாரி இறைத்தது. குளம் வற்றி, பின்னேரங்களில் குழாய் நூலாக ஓடியது. ஒரு திங்கட்கிழமை மாலை இடியப்பப் பார்சல் சாப்பிட்ட ரியூசன் பிள்ளைகள் பத்தொன்பது பேருக்கு மறுநாள் வாந்தியும் வயிற்றோட்டமும். மூன்று பேருக்கு ஆசுபத்திரியில் சேலைன் ஏறியது.

புதன் காலை ஒன்பது மணிக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அப்துல் மஜீத் வந்தார். கண்டிப்பானவர், ஆனால் குரல் உயர்த்தமாட்டார். கொட்டிலைப் பார்த்தார். சட்டி, பானை, துடைக்கிற துணி, வினிபிரட்டின் நகம் எல்லாம் பார்த்தார். குழாயில் ஒரு போத்தல் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். முடிவு இரண்டு நாளில் வந்தது. கிருமி இல்லை. குளோரின் போதியளவு. வன்மை ஐம்பது, மென்னீர்தான். குழந்தைக்குக் கொடுக்கக்கூடிய தண்ணீர்.

தண்ணீர் சுத்தவாளி என்றால் மிச்சம் இருந்தது வல்லாரைச் சம்பல். அது அடுப்பைக் காணாத பண்டம். கழுவி, அரிந்து, தேங்காய்ப்பூ போட்டுப் பிசைவது. பிசைந்த கை யாருடையது?

“கை சுத்தமில்லாட்டி இப்பிடித்தான் அம்மா வரும்,” என்றார் மஜீத். கொட்டிலுக்குச் சீல் வைத்தார். பதினான்கு நாளுக்குள் தக்க காரணம் காட்டாவிட்டால் அனுமதி இரத்தாகும் என்று கடிதம் கொடுத்தார்.

அனுமதி போவதை வினிபிரட் தாங்கியிருப்பாள். அந்தச் சொல்லைத் தாங்க முடியவில்லை. அவள் சந்தைக்குப் போகுமுன் அது சந்தைக்குப் போயிருந்தது. கோயிலில் மாலைப் பூசைக்குப் போனபோது பக்கத்து வாங்கில் இருந்த மனுசி கையைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடம் ஊருக்குப் பிசைந்து போட்ட கை.

ஜிலியனுக்குப் போன் எடுத்தாள். ஜிலியன் அறிக்கையை வாசிக்கச் சொன்னாள். வாசித்ததும், “மம்மி, அண்டைக்கு வல்லாரைய எத்தின தரம் கழுவினீங்க?” என்று கேட்டாள்.

வினிபிரட் போனை வைத்தாள். அது ஆய்வுகூடத்துக்காரி கேட்கவேண்டிய கேள்விதான். மகள் கேட்டிருக்கக் கூடாது.

வேலையில்லாத மனுசிக்குப் பசி நேரம் மாறிவிடும். சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு வீட்டுக் குசினியில் தனக்கென்று ஒருபிடி மைசூர்ப் பருப்பு வைத்தாள். வாழ்நாளில் அவள் மூன்று மணிக்குப் பருப்பு அவித்ததில்லை. அது விடிய வேலை. மூன்று மணி வல்லாரை கழுவுகிற நேரம்.

பருப்பு அவியவில்லை. அரை மணி போனது, முக்கால் போனது. சட்டிக்குள் மணிமணியாகக் கொதித்துக்கொண்டு கிடந்தது. கடைக்காரனைத் திட்டிக்கொண்டு அடுப்பை அணைத்தாள். அடுத்தநாள் காலை அதே பைக்குள் இருந்து அதே பருப்பு. கால் மணியில் கரைந்தது.

அன்று மூன்று மணிக்குக் குழாயைத் திறந்து சவர்க்காரம் போட்டாள். நுரைக்கவில்லை. மூக்கருகே பிடித்தாள். மருந்து மணமும் இல்லை. பலகை போட்டு மூடிய காலம் திரும்பி வந்து கையில் ஓடியதுபோல இருந்தது.

திங்கள் காலை மஜீத்துக்குப் போன் எடுத்து, அந்தத் தண்ணீரை எத்தனை மணிக்குப் பிடித்தீர்கள் என்று கேட்டாள். ஒன்பதரை இருக்கும் என்றார்.

“மூண்டு மணிக்கு வந்து எடுங்க சேர்.”

“தண்ணிக்கு மணி தெரியுமா அம்மா?”

“பருப்புக்குத் தெரியுது சேர்.”

அவர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். வினிபிரட் மகளுக்குப் போன் எடுத்து, பருப்பையும் நுரையையும் மணத்தையும் வரிசையாகச் சொன்னாள். வேறொன்றும் பேசவில்லை. மறுநாள் விடிய கொழும்பு பஸ்ஸில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஒரு கண்ணாடிக் குழல், ஒரு சின்னப் போத்தல் மருந்து, ஒரு டப்பாவில் தூள். கடிதம் இல்லை. ஜிலியனின் கையெழுத்தில் நான்கு வரி: கோடுவரை தண்ணீர் விடவும். தூள் போட்டால் வைன் நிறமாகும். நீலமாகும்வரை துளித்துளியாக மருந்து விடவும். துளிகளை எண்ணவும்.

வினிபிரட் எண்ணினாள். காலை எட்டு மணிக்கு மூன்று துளியில் நீலம். பன்னிரண்டுக்கு மூன்று. இரண்டு மணிக்கு மூன்று. மூன்று மணிக்குப் பத்துத் துளி விட்டும் வைன் நிறம் அசையவில்லை. இருபத்தொன்றில் நீலம் வந்தது. ஐந்து மணிக்குத் திரும்ப நாலு. எல்லாவற்றையும் கலண்டர்த் தாளின் பின்புறம் எழுதினாள். மறுநாளும் பார்த்தாள். அதே கணக்கு.

அடுத்தநாள் மூன்றேகாலுக்கு ஏழு கோப்பை எடுத்து, ஒவ்வொன்றிலும் வீட்டுக்காரரின் பேர் ஒட்டி, வீடுவீடாகக் குழாய்த் தண்ணீர் கேட்டுப் போனாள்.

“என்னகா வினிபிரட், கோயிலுக்குத் தீர்த்தம் சேக்கிறயா?” என்று இரண்டாம் வீட்டுக் கண்ணகை மதிலுக்கு மேலால் கேட்டாள்.

“ஓம் கா. ஆரு பாவி எண்டு பாக்க.”

ஒழுங்கை வாயில் முதல் வீடு மூன்று துளி. கண்ணகை வீடும் மூன்று. பிறகு ஐந்து, ஒன்பது, பதினாலு. அவளுடையது இருபத்தொன்று. கடைசியில் யோகராசாவின் தோட்டக் குழாய், இருபத்தேழு.

கோப்பைகளை மேசையில் வரிசையாக வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் எந்த வீட்டைக் காட்டினாலும் பரவாயில்லை என்று நினைத்திருந்தாள். அந்த வீட்டைக் காட்டியிருக்கக் கூடாது.

அவளுடைய தம்பி கொலின்தான் அந்தப் பகுதிக்குக் குழாய் வேலைக்காரன். வரச்சொன்னாள். வந்தவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, யோகராசா ஐயா வீட்டு லைனை யார் போட்டது என்று கேட்டாள். கொலின் தேத்தண்ணியைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான்.

“நான்தான் அக்கா.”

“தண்ணி திரும்பி ரோட்டு லைனுக்குப் போகாம ஒரு வால்வு பூட்டுறல்ல?”

“பூட்டினன். பிறகு கழட்டினன்.”

“ஏன்டா?”

“பம்ப் போடேக்க அது டக்டக் எண்டு அடிக்கிது. ஐயாக்குப் பகல் நித்திர வருதில்லயாம்.”

வினிபிரட்டுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. யோகராசா சோறு தின்று படுப்பார். மூன்று மணிக்கு எழும்புவார். எழும்பினதும் பம்பைப் போட்டுப் பூமரங்களுக்குத் தண்ணீர் விடுவார். வால்வு இரண்டும் திறந்தே கிடக்கும். கச்சான் காலத்தில் குழாயில் அழுத்தம் இல்லை. பம்புக்கோ நல்ல அழுத்தம். அவருடைய கிணறு அவருடைய பூமரத்துக்கும் போனது, ஒழுங்கைக்கும் போனது. இதையெல்லாம் அவள் சொன்னதும் கொலினும் உடனே விளங்கிக்கொண்டான்.

“இப்பிடி எத்தின வீட்டுக்கு டா கழட்டின?”

“நூறு வரும் அக்கா.”

“பரிசோதகருக்கு முன்னால இத வாயத் திறந்து சொல்லுவியா?”

“சொன்னா ஆரு அக்கா எனக்கு வேல தருவாங்க?”

“சொல்லாட்டி எனக்கு ஆரு தருவாங்க?” என்றாள்.

கொலின் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனான்.

முதலில் யோகராசாவிடம் நேரே போய்ச் சொல்வது முறை என்று வினிபிரட்டுக்குப் பட்டது. போனாள். கோப்பைகளையும் துளிகளையும் பற்றிச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் மட்டும் இறுகிக்கொண்டு வந்தது.

“நாப்பது வருசமா இந்த ஒழுங்க குடிச்ச தண்ணி. உன்ட புள்ள குடிச்ச தண்ணி. ஒருத்தருக்கு வயித்துக்குத்து வந்திரிக்கா?”

“இல்ல ஐயா. அப்ப கிணத்துக்குப் பக்கத்தில கக்கூசுக் குழியும் இல்ல.”

முந்தின வருடம் யோகராசா வாடகைக்கு இரண்டு அறை கட்டியிருந்தார். அவற்றின் குழி கிணற்றிலிருந்து பத்துக் காலடித் தூரம். மணலுக்குப் பத்துக் காலடி ஒரு தூரமே இல்லை. அவர் எழும்பி, அவளைக் கேற்வரை கொண்டுவந்து விட்டார். அவள் வெளியே வந்ததும் கேற்றைச் சாத்தினார். அந்தக் கேற் சாத்துப்படும் சத்தத்தை வினிபிரட் அன்றைக்குத்தான் முதன்முதல் கேட்டாள்.

பதின்மூன்றாம் நாள் காலை அவள் கலண்டர்த் தாளையும் ஏழு கோப்பையையும் கூடையில் வைத்துக்கொண்டு மஜீத்தின் கந்தோருக்குப் போய் வாங்கில் இருந்தாள். அவர் வேலை அதிகம் என்றார். இருக்கிறேன் என்றாள். பதினொரு மணிக்கு அவர் வந்து எதிரே அமர்ந்தார். அவள் ஒன்றும் விளக்கவில்லை. குழலை அவர் கையிலேயே கொடுத்து, கோப்பைத் தண்ணீரை விடச்சொன்னாள். கண்ணகையின் கோப்பை: ஒன்று, இரண்டு, மூன்று, நீலம். வினிபிரட்டின் கோப்பை: மஜீத் பத்துவரை சத்தமாக எண்ணினார். பத்துக்குப் பிறகு வாய்க்குள் எண்ணினார். இருபத்தொன்றில் குழலை மேசையில் வைத்தார்.

“ஒரே ஒழுங்கை?”

“நாலு வீடு தள்ளி, சேர்.”

கந்தோரில் இருந்த மற்றவர்களும் எழும்பி வந்து நின்றார்கள். மஜீத் தண்ணீர்க் கந்தோருக்குப் போன் எடுத்தார். அதே பின்னேரம் இரண்டே முக்காலுக்கு அவரும் தண்ணீர்க் கந்தோரில் இருந்து ஒரு தொழில்நுட்பவியலாளரும் இரண்டு கிருமியற்ற போத்தலோடு ஒழுங்கையில் நின்றார்கள்.

வீட்டு மீற்றர் எல்லாம் மதிலுக்கு வெளியே, ரோட்டோரப் பெட்டிக்குள் இருந்தது. ஆகையால் கேற்றைத் தட்டத் தேவையில்லை. தொழில்நுட்பவியலாளர் யோகராசா வீட்டு மீற்றர் மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு சிவப்புச் சில்லு, விரல்நகமளவு சக்கரம். தண்ணீர் வீட்டுக்குள் போகும்போது அது வலப்பக்கம் சுற்றும் என்று சொன்னார். அப்போது அது சும்மா நின்றது.

மூன்று மணி. உள்ளே பம்ப் உறுமியது.

சிவப்புச் சில்லு ஒருமுறை நடுங்கியது. பிறகு இடப்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது. முதலில் சோம்பலாக, பிறகு கண் எண்ண முடியாத வேகத்தில்.

மஜீத் குந்தியிருந்து பார்த்தார். கண்ணகை அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, பின்னால் நின்றவர்களுக்கு “மற்றப்பக்கம் சுத்துது, மற்றப்பக்கம்” என்று ஒலிபரப்பினாள். வினிபிரட் பார்க்கவில்லை. அவளுக்கு அது எந்தப் பக்கம் சுற்றும் என்று தெரியும். அவள் மஜீத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கூட்டத்துக்குப் பின்னால் இருந்து கொலின் வந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. சட்டையைக் காற்சட்டைக்குள் விட்டு, வேலைக்குப் போகிறவன்போல வந்திருந்தான்.

“அந்த வால்வக் கழட்டினது நான் சேர். எழுதுங்க,” என்றான்.

சத்தம் கேட்டு யோகராசா கேற்றைத் திறந்தார். கையில் தண்ணீர்க்குழாய். தன் மீற்றரைச் சுற்றி ஊரே நிற்பதைக் கண்டு, இதென்ன சுத்துது என்று கேட்டார்.

“உங்கட கிணறு ஐயா,” என்றார் மஜீத். “ஊருக்குப் போகுது.”

யோகராசா குனிந்து சில்லைப் பார்த்தார். நிமிர நேரமெடுத்தது. உள்ளே போனார். பம்ப் நின்றது. சில்லும் நின்றது. திரும்பி வந்தபோது வினிபிரட்டுக்கு முன்னால் வந்து நின்றார்.

“கேற்றச் சாத்தினது பிழ புள்ள,” என்றார்.

அவள் தலையாட்டினாள். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் தன் பிள்ளை வளர்ந்ததை அவள் அவருக்குச் சொல்லவில்லை. இருவருக்கும் தெரிந்ததைச் சொல்ல என்ன இருக்கிறது?

மூன்று மணிக்குப் பிடித்த இரண்டு போத்தலிலும் மலக்கிருமி இருந்தது. அறிக்கை வந்த அன்று மஜீத் சீல் உடைக்கக் கத்தரிக்கோலோடு வந்தார். வினிபிரட் கொட்டில் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“சீல் நிக்கட்டும் சேர். முதல்ல எழுதித் தாங்க.”

“என்னத்த அம்மா?”

“என்ட கை சுத்தம் எண்டு.”

அப்படி ஒரு படிவம் இல்லை என்றார் மஜீத். படிவம் இல்லாமலும் எழுதலாம் என்றாள் அவள். இரண்டு கிழமைக்கு முன்னால் அவர் சொன்ன சொல்லும் எந்தப் படிவத்திலும் இல்லை என்றாள். அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கதிரை கேட்டு வாங்கி அமர்ந்து, கந்தோர்த் தாளில் எழுதினார்: குறித்த நோய் வெளியில் இருந்து குழாய்க்குள் கலந்த நீரினால் ஏற்பட்டது. திருமதி வினிபிரட்டின் கைகளிலோ சமையல் முறையிலோ எவ்விதக் குறையும் இல்லை. கையொப்பம். முத்திரை. பிறகு எழும்பி நின்று, “நான் சொன்னது பிழ அம்மா,” என்று வாயாலும் சொன்னார். அதற்குப் பிறகுதான் அவள் வழிவிட்டாள்.

அந்தக் கிழமையே ஒழுங்கையில் ஆறு கிணறும் குழாயிலிருந்து வெட்டி விடப்பட்டன. யோகராசா குழியை மூடி, வளவின் மறுகோடியில் புதிதாகக் கட்டினார். கொலினின் வேலை போகவில்லை. மாறாக, தான் கழட்டிய ஒவ்வொரு வால்வையும் தானே திரும்பப் பூட்டவேண்டும் என்று தண்ணீர்க் கந்தோர் சொல்லிவிட்டது. நூறு என்று சொன்னவன் எண்ணிப் பார்த்தால் நூற்றுப் பதினேழு. மூன்று மாதம் பூட்டினான். கல்லடியிலும் புளியந்தீவிலும் சனம் அவனைக் கூப்பிட்டு, எங்கட சில்லையும் ஒருக்காப் பார் என்று மீற்றர் மூடியைத் திறந்து காட்டியது.

ஜிலியன் அந்த வார இறுதியில் பஸ் ஏறி வந்தாள். தாயின் கலண்டர்த் தாளை வாசித்தாள். நேரம், துளி, வீடு, எல்லாம் இருந்தது. ஆய்வுகூடத்தில் இதைவிட ஒழுங்கான பதிவை அவள் கண்டதில்லை. அதை அவள் தாயிடம் சொன்னாள். வினிபிரட் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அப்ப நீ வந்து வல்லாரையக் கழுவு என்றாள். ஜிலியன் கழுவினாள்.

திங்கட்கிழமை காலை வினிபிரட் மஜீத்தின் கடிதத்தைப் பிரதி எடுத்து, கோதுமை மாவில் பசை காய்ச்சிக்கொண்டு, ரியூசன் வகுப்புக் கேற்றுக்குப் போனாள். நேரம் ஏழரை. பிள்ளைகள் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள். கேற்றின் நடுவில், கண் உயரத்தில் ஒட்டினாள். நான்கு மூலையையும் அந்தக் கையாலேயே தடவிவிட்டாள். பிள்ளைகள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வாசித்தார்கள். டிலக்சன் என்ற பெடியன், சேலைன் ஏறியவர்களில் ஒருவன், சத்தமாக வாசித்தான்.

வகுப்பு நடத்துகிற மாஸ்டர் வெளியே வந்தார். அவர்தான் இரண்டு கிழமையாக அவளுடைய பேரைச் சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளை எச்சரித்தவர். கடிதத்தைக் கடைசி முத்திரைவரை வாசித்தார்.

“மிஸ், பின்னேரத்துக்கு அறுபது பார்சல் வருமா?”

வினிபிரட் பசைச் சட்டியைக் கீழே வைத்தாள். பிள்ளைகள் எல்லோருக்கும் கேட்கிறமாதிரிக் கேட்டாள்:

“வல்லாரையோடயா, வல்லாரை இல்லாமலா?”

மாஸ்டர் பிள்ளைகளைப் பார்த்தார். பிள்ளைகள் மாஸ்டரைப் பார்த்தார்கள்.

“வல்லாரையோட,” என்றார்.

அன்று எழுபத்திரண்டு போனது.